உருமாறும் ரோபோ பொம்மையின் தரத்தை எதை வைத்துச் சொல்வது?

மடிப்புக்காரன்:

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளின் மாஸ்டர்பீஸ் வரிசையில் வந்த எம்பி-44 பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இங்கே "என்னா என்ஜினியரிங்!" என்ற வியப்புதான் முதலில் வருகிறது. நல்ல பொம்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை துண்டாக மடிகிறது என்பதையே என்ஜினியரிங் என்று எடுத்துக்கொள்கிறோமோ என்று எனக்கு வெகுநாளாக ஒரு குறை. அதைப் பேசத்தான் இந்த இழை.

ஒப்பிட வசதியாக ஒரே பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் கான்வாய், நமக்கு ஆப்டிமஸ் பிரைம். மாஸ்டர்பீஸ் வரிசையில் அந்த லாரி 2003இல் எம்பி-01, 2011இல் எம்பி-10, 2019இல் எம்பி-44 என்று மூன்று முறை புதிதாக வடிவமைக்கப்பட்டது. எட்டெட்டு வருட இடைவெளி. முதலாவது, ஜப்பான் பொம்மை நிறுவனமான டகாரா தனியாக இருந்தபோது வந்தது, மற்ற இரண்டும் 2006இல் டோமியோடு இணைந்த பிறகு.

எம்பி-01 சுமார் 30 சென்டிமீட்டர் உயரம், உடம்பில் டை-காஸ்ட் உலோகம் ஏராளம். லாரிச் சக்கரத்துக்கு சஸ்பென்ஷன், பாதத்தில் பிஸ்டன் எல்லாம் உண்டு. ஆனால் அந்த அளவுக்குப் பக்கத்தில் நிறுத்தக் கார்கள் கிடையாது. எம்பி-10இல் உருவத்தைக் குறைத்தார்கள். மற்ற ரோபோக்களோடு சேர்ந்து நின்றால் அளவு ஒத்துப்போக வேண்டும் என்பது கணக்கு. மறுவருடமே லம்போர்கினி கவுன்டாக் உரிமத்தோடு எம்பி-12 வந்தது, அதே அளவுத் திட்டத்தில். எம்பி-44இன் நோக்கம் வேறு. 1984 கார்ட்டூனில் வரைந்த உருவம் கையில் வர வேண்டும், லாரியும் லாரியாகவே இருக்க வேண்டும். அதற்காக லாரியின் மேற்பரப்பைச் சிறு சிறு பேனல்களாக உடைத்து உள்ளே மடிக்கிறார்கள்.

இந்த மூன்றில் என் கைக்கு எப்போதும் வருவது எம்பி-10தான். ஒரு பாகம் நகரும்போதே அடுத்தது எங்கே போக வேண்டும் என்று அது காட்டிவிடுகிறது. முதல் இரண்டு முறை கையேட்டைப் பார்த்தால் போதும், பிறகு விரல் பார்த்துக்கொள்ளும்.

என் அளவுகோல் இதுதான்: பாதி உருமாற்றத்தில் நிறுத்துங்கள். அந்த நிலையில் பொம்மை தன்னைத் தானே தாங்குகிறதா? ஒரு பேனலை மாட்ட இன்னும் மூன்றைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறதா? கடைசி டேப் (துளையில் மாட்டும் சிறு நாக்கு) "டக்" என்று உட்காருகிறதா, அல்லது அடுத்த பக்கத்தை அழுத்தினால் இந்தப் பக்கம் விடுபடுகிறதா? விமர்சன வீடியோக்களில் முழு ரோபோவும் முழு வண்டியும்தான் அழகாகத் தெரியும். தரம் தெரிவது நடுவில்.

கனம்_முக்கியம்:

நடுவில் நிறுத்திப் பார்க்கச் சொன்னது சரி அண்ணா. ஆனால் கையில் எடுத்த உடனே கிடைக்கும் திருப்தியை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை? எம்பி-01ஐத் தூக்கினால் ஒரு கனம் இருக்கிறது. சில்லென்று இருக்கிறது. இப்போது வருவதெல்லாம் காலிப் பெட்டி மாதிரி. இவ்வளவு விலை கொடுக்கிறோம், உலோகம் எங்கே?

கோவை_டூல்ரூம்:

தம்பி, இந்த உலோக விஷயத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இன்ஜெக்‌ஷன் மோல்டு (பிளாஸ்டிக் பாகம் வார்க்கும் அச்சு) செய்வதுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டை-காஸ்ட் என்பது துத்தநாகக் கலவை. கனமாக இருக்கும், விறைப்பாக இருக்கும், மெல்லிய சுவராக வார்த்தாலும் வளையாது. இந்த மூன்று குணமும் எங்கே உதவும்? பாதத்திலும் கணுக்காலிலும். கனம் கீழே இருந்தால் பொம்மை சாயாது. இடுப்புக் கீலில் வைத்தால் வளைவு குறையும். இதையே நெஞ்சிலும் தோளிலும் வைத்தால் என்ன ஆகும்? மேல்பாரம். கணுக்கால் அதைச் சுமக்க வேண்டும், அதற்கு ராட்செட் (கிளிக் கிளிக் என்று நிற்கும் பல்சக்கர மூட்டு) பெரிதாக வேண்டும், அதற்கு இடம் வேண்டும். கனத்தைத் தவறான இடத்தில் வைத்தால் மீதி வடிவமைப்பு முழுக்க அதற்கு வேலை செய்ய வேண்டியதாகிவிடும்.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. 2003இல் டகாரா பைனால்டெக் என்று ஒரு வரிசை தொடங்கியது. 1/24 அளவில் உரிமம் பெற்ற நிஜக் கார்கள், முதலாவது சுபாரு இம்ப்ரெஸா. ஜப்பான் பதிப்பில் காரின் மேற்கூடு டை-காஸ்ட், மேலே பெயின்ட். அதே வடிவமைப்பை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ ஆல்டர்னேட்டர்ஸ் என்ற பெயரில் பிளாஸ்டிக்கில் விற்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அலமாரியில் உலோகக் காருக்கு ஈடே இல்லை, அவ்வளவு பளபளப்பு. மாற்ற ஆரம்பித்தால் கதவும் பானெட்டும் உரசும் இடங்களில் பெயின்ட் பெயரும். பிளாஸ்டிக் பதிப்பில் நிறம் பொருளுக்குள்ளேயே கலந்திருப்பதால் அந்தக் கவலை குறைவு. எதற்காக வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

பிளாஸ்டிக் என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம், அதுவும் தப்பு. கூடு பெரும்பாலும் ஏபிஎஸ். பெயின்ட் நன்றாகப் பிடிக்கும், விளிம்பு கூர்மையாக வரும். கீலும் மூட்டும் பிஓஎம், அதாவது பாலிஅசெட்டல். வழுவழுப்பானது, தேயாது, ஆனால் பெயின்ட் ஒட்டாது. நல்ல பொம்மையில் மூட்டுப் பகுதி மட்டும் நிறம் சற்று மங்கலாகத் தெரிந்தால் அதைக் குறையாக எண்ணாதீர்கள். யாரோ யோசித்துச் செய்திருக்கிறார் என்று அர்த்தம். ஏபிஎஸ் மேல் ஏபிஎஸ் உரசும் மூட்டு புதிதில் இறுக்கமாக இருக்கும், போகப்போகத் தளரும்.

இதில் மோல்டுக்காரனுக்குத் தலைவலி எங்கே என்றால், ஆறும்போது ஏபிஎஸ் நூற்றுக்கு அரை சதவீதம் போலச் சுருங்கும், பிஓஎம் இரண்டு சதவீதம் போலச் சுருங்கும். இரண்டு பொருளும் ஒரே மூட்டில் சேர வேண்டும். ஒரு கீலில் 0.05 மில்லிமீட்டர் தளர்வு விட்டால் யாருக்கும் தெரியாது. எட்டுக் கீல் வரிசையாக இருந்தால் நுனியில் 0.4 மில்லிமீட்டர். கீலின் நீளத்தைப் பொறுத்து ஆட்டம் இன்னும் பெரிதாகும். எம்பி-44 மாதிரி ஒரு பொம்மையில் பேனல்கள் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் சேர்ந்தால், அதன் பெருமை ஓவியருக்கு மட்டும் போகாது. மோல்டின் ஸ்டீலை அந்தத் துல்லியத்துக்கு வெட்டியவருக்கும் போகும். அதனால் மடிப்புக்காரன் சொன்னதில் பாதியை மட்டும்தான் ஏற்கிறேன். பாகங்களின் எண்ணிக்கை பெருமை இல்லை, சரி. அத்தனை பாகத்தையும் சேர்த்து நேராக நிறுத்துவது பெரிய வேலை.

ஈசூன்_வாசி:

டூல்ரூம் அண்ணன் சொன்ன பிறகு எனக்கு வேலை எளிதாகிவிட்டது. நான் எம்பி-44 பக்கம்.

மடிப்புக்காரன், நீங்கள் எல்லாப் பொம்மையையும் ஒரே கேள்வியால் அளக்கிறீர்கள். சிலருக்கு உருமாற்றம் என்பது தொலைபேசியில் பேசிக்கொண்டே கை தானாகச் செய்கிற வேலை. எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை மேசையில் உட்கார்ந்து முழு கவனத்தோடு செய்கிற வேலை. கடினம் என்பது அதற்குள்ள இன்பத்தின் பாகம். 2009இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்துக்காக வந்த லீடர் அளவு (பெரிய அளவு) ஆப்டிமஸ் பிரைமை நினைத்துப் பாருங்கள். படத்தில் கணினியில் வரைந்த, நிஜத்தில் மடியவே மடியாத உருவத்தை, கடையில் சிறுவர்கள் வாங்கும் பொம்மையாக்கினார்கள். அது சுலபமா? இல்லை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் காரணம் இருந்தது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2007 படத்துக்கான பொம்மைகளில் ஆட்டோமார்ஃப் என்று ஒன்று வைத்தார்கள். ஒரு பாகத்தைத் திருப்பினால் உள்ளே இருக்கும் பல்சக்கரமோ ஸ்பிரிங்கோ இன்னொரு பாகத்தைத் தானாக நகர்த்தும். சிறுவர்களுக்கு அது மந்திரம். சேகரிப்பவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை, நிலை கொடுக்கும்போது தடையாக இருக்கிறது என்றார்கள். ஒரே அமைப்பு, இரண்டு தீர்ப்பு. என்ன நோக்கத்துக்காகச் செய்தார்கள், அது நிறைவேறியதா என்று கேட்பதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. எம்பி-44 கார்ட்டூன் உருவத்தைத் தருகிறேன் என்றது, தந்தது.

மடிப்புக்காரன்:

ஈசூன் அக்கா, நோக்கத்தை வைத்து அளக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் நோக்கத்தை நிறைவேற்றிய வழியையும் அளக்க வேண்டாமா?

1982இல் டகாடோகு கொண்டுவந்த 1/55 வால்கிரியைப் பாருங்கள். மேக்ரோஸ் என்ற ஜப்பான் அனிமே தொடரின் விஎஃப்-1 போர் விமானம், ஷோஜி கவாமோரியின் வடிவமைப்பு. விமானத்தின் இரண்டு எஞ்சின் கூடும் அப்படியே கீழே மடிந்து கால்கள். புகை வெளியேறும் முனை இரண்டாக விரிந்து பாதம். கைகள் விமானமாக இருக்கும்போது கால்களுக்கு நடுவே வயிற்றோடு ஒட்டிப் படுத்திருக்கும். ஒளிந்துகொள்ள வேண்டிய பாகம் மிகக் குறைவு, ஏனென்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு வடிவத்திலும் வேலை இருக்கிறது. 1985இல் ஹாஸ்ப்ரோ அந்த மோல்டிலிருந்து வந்த பொம்மையையே ஜெட்ஃபயர் என்று விற்றது, அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கவாமோரி உருமாற்றங்களை லெகோ கட்டைகளில் கட்டிப் பார்த்து வடிவமைப்பவர். கட்டையில் வேலை செய்யாத யோசனை பிளாஸ்டிக்கிலும் வேலை செய்யாது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஷெல்ஃபார்மர். நடுவில் ஒரு மெலிந்த ரோபோ, அதன் முதுகில் முழுக் கார் தோலாக மடிந்து தொங்கும். படத்தில் முன்பக்கம் மட்டும் காட்டுவார்கள். எவ்வளவு பேனல் மடிந்தாலும், கடைசியில் எல்லாம் முதுகில் மூட்டையாகப் போய்ச் சேர்ந்தால் அது இடமாற்றம்தான், உருமாற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எம்பி-44 அந்த வகை என்று சொல்ல வரவில்லை. அதைப் பார்த்து மற்றவர்கள் செய்யும் பொம்மைகளில் இந்த நோய் பரவிவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

கனம்_முக்கியம்:

வால்கிரிக்கு நூறு மதிப்பெண். அதிலும் உலோகம் இருக்கிறது என்பதைக் கவனிக்கவும்.

ஸ்கார்பரோ_அண்ணை:

எல்லாரும் புதுசா வந்ததைப் பற்றியே கதைக்கிறியள். நான் பழசைப் பற்றிச் சொல்லுறன். பொம்மை வாங்கி இருபது முப்பது வருசம் கழிச்சுத்தான் அதின்ர உண்மையான தரம் தெரியும்.

"கோல்ட் பிளாஸ்டிக்" வியாதி எண்டு சேகரிக்கிற ஆக்கள் சொல்லுவினம். எண்பதுகளின்ர கடைசியில இருந்து தொண்ணூறுகள் வரைக்கும் தங்க நிறத்தில மினுங்குற துகள் கலந்த பிளாஸ்டிக்கில கன பொம்மை செய்தவை. அந்தப் பொருள் காலம் போகப் போக உள்ளுக்கயே பலம் இழந்து, பிஸ்கட் மாதிரி உதிரும். 1988இல வந்த பிளாக் சரக் அதுக்குப் பேர் போனது. வடிவமைப்பில ஒரு பிழையும் இல்லை, மூட்டு எல்லாம் நல்ல மூட்டு. பெட்டியைத் திறக்காமல் வைச்சிருந்தாலும் பிறகு எடுத்து ஒரு பின் (மூட்டுக்குள்ள போற கம்பி) இருக்கிற மூட்டைச் சுத்தினால் உடையும். விக்கிற ஆள் "ஒருக்காலும் விளையாடாதது" எண்டு போட்டாலும் அந்தப் பொம்மைக்கு அது உறுதிமொழி இல்லை.

அதே நேரம் 1996இல வந்த பீஸ்ட் வார்ஸ் பொம்மையளைப் பாருங்கோ. பால் ஜாயின்டை, அதாவது பந்து மூட்டை, எல்லா இடமும் வைச்சவை. அதுக்கு முந்தி கை மேல கீழ போறதே பெரிய விசயம், இதில தோள், இடுப்பு, முழங்கால் எல்லாம் சுழலும். பந்து கழண்டு வந்தால் திரும்ப அமத்தி மாட்டலாம், பின் உடைஞ்ச மாதிரி நிரந்தரச் சேதம் இல்லை. பிள்ளையள் முரட்டுத்தனமா விளையாடுவினம் எண்டு தெரிஞ்சு செய்த என்ஜினியரிங் அது. என்ர அலுமாரியில இண்டைக்கும் நிண்டு பிடிக்குது. மாஸ்டர்பீஸ் விலையில பத்தில ஒரு பங்கும் இல்லை அது.

கோவை_டூல்ரூம்:

ஸ்கார்பரோ அண்ணை சொன்ன உடையும் கதைக்கு இன்னொரு கிளை உண்டு. ஒளிபுகும் பிளாஸ்டிக். காரின் கண்ணாடி, விளக்கு எல்லாம் அதில்தான். பார்க்க அழகு, ஆனால் ஏபிஎஸ் போல விட்டுக்கொடுக்காது. அதில் ஒரு துளை போட்டு உலோகப் பின்னை இறுக்கி அடித்தால், பொம்மை சும்மா நிற்கும்போதும் அந்தத் துளையைச் சுற்றி இழுவிசை இருந்துகொண்டே இருக்கும். ஒருநாள் விரிசல் விடும். காரின் கூரையும் கண்ணாடியும் ஒரே ஒளிபுகும் துண்டாக வார்த்து, மேலே பெயின்ட் அடித்து, அதிலேயே கீலையும் வைக்கும் வழக்கம் இப்போது அதிகம். பெயின்டுக்கு அடியில் என்ன பொருள் என்று பார்க்காமல் அந்த இடத்தை அழுத்தாதீர்கள். உள்பக்கத்தைப் பாருங்கள், அங்கே பெயின்ட் அடித்திருக்க மாட்டார்கள்.

ராட்செட் பற்றியும் ஒன்று. "கிளிக் கிளிக்" சத்தம் கேட்டால் பலருக்கு மகிழ்ச்சி. ஆனால் பல் எத்தனை என்று பாருங்கள். ஒரு சுற்றுக்கு 12 பல் என்றால் ஒரு கிளிக் 30 டிகிரி. இடுப்பில் அப்படி இருந்தால் ஒன்று கால் நேராக இருக்கும், இல்லை அகலக் கவட்டி. நடுவில் நிற்காது. 24 பல் என்றால் 15 டிகிரி, அதில் இயல்பாக நிறுத்தலாம். பெரிய பொம்மைக்கு ராட்செட் கட்டாயம், சிறியதற்கு உரசல் மூட்டே நல்லது.

புதுசு_புதுசு:

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. நீங்கள் பேசுவதில் பாதி புரிகிறது, ஆனால் படிக்க ஆசையாக இருக்கிறது. எனக்கு ஒரு டீலக்ஸ் அளவு (சிறிய அளவு) பொம்மைக்குத்தான் பணம் இருக்கிறது. கடையில் தொட்டுப் பார்க்க முடியாது, இணையத்தில்தான் வாங்க வேண்டும். வாங்கும் முன்பு எப்படித் தெரிந்துகொள்வது? பாதி விலைக்கு நகல் கிடைக்கிறதே, அது போதுமா?

மடிப்புக்காரன்:

வாங்க தம்பி. உங்கள் கேள்வி இங்கே எல்லோருக்கும் பொருந்தும். இந்தியாவில் 2020 பிப்ரவரியில் பொம்மை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் 70 ஆக்கினார்கள். வெளியிலிருந்து வரவழைத்து, கை வளைந்து வந்தால் திருப்பி அனுப்புவது நடக்காத காரியம். அதனால் முன்பே பார்த்துவிட வேண்டும்.

வீடியோ பார்க்கும்போது பேச்சை அணைத்துவிட்டு விரலை மட்டும் பாருங்கள். எந்த இடத்தில் அவர் தயங்குகிறார், எந்த இடத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறார் என்று கவனியுங்கள். வெட்டு வந்த இடம்தான் பெரும்பாலும் சிக்கலான இடம். பின்பக்கத்தைக் காட்டுகிறாரா? கையைப் பிடித்துத் தூக்கினால் உடம்பு தொங்குகிறதா, நிற்கிறதா? ஒரே ஆளின் பேச்சை நம்பாமல், வாங்கி ஆறு மாதம் கழித்து எழுதியவர்களைத் தேடுங்கள்.

டீலக்ஸ் என்பதால் குறைவாக எண்ணாதீர்கள். 14 சென்டிமீட்டருக்குள், விலை வரம்புக்குள், கிடைக்கும் பாகங்களை வைத்து முழுக் காரையும் முழு ரோபோவையும் கொண்டுவருபவர்தான் என் கணக்கில் பெரிய வடிவமைப்பாளர். 2018இல் தொடங்கிய ஸ்டுடியோ சீரிஸில் அந்த அளவில் நல்லவை பல உண்டு.

ஈசூன்_வாசி:

இதில் மடிப்புக்காரனோடு முழுமையாக ஒத்துப்போகிறேன். தம்பி, 2019இல் வந்த சீஜ் வரிசையையும் பாருங்கள். ஆயுதங்களை மாட்ட உடம்பெங்கும் 5 மில்லிமீட்டர் துளை வைத்திருப்பார்கள். பார்க்க ஓட்டை ஓட்டையாக இருக்கிறது என்று சிலருக்குப் பிடிக்காது. ஒரு பொம்மையின் துப்பாக்கியை இன்னொன்றின் தோளில் மாட்டலாம் என்பது மாணவர் பணத்துக்கு நல்ல லாபம்.

கோவை_டூல்ரூம்:

நகல் பற்றித் தம்பி கேட்டார். அசல் பொம்மையைப் பிரித்து, அதன் பாகங்களிலிருந்தே அச்சு எடுத்துச் செய்யும் நகலில் ஒரு இயற்கைக் குறை உண்டு. அசல் பாகம் ஏற்கெனவே ஒருமுறை சுருங்கியது. அதிலிருந்து எடுத்த அச்சில் வார்த்தால் இரண்டாவது முறை சுருங்கும். ஈடு கட்டாமல் விட்டால் பாகம் சிறுத்துவிடும், ஆனால் வாங்கி மாட்டும் உலோகப் பின் அதே அளவு. அதனால் சில மூட்டு விரிசல் விடும் அளவுக்கு இறுக்கம், சில மூட்டு தொளதொளப்பு. ஸ்கேன் செய்து அளவைத் திருத்திப் பெரிதாக்கிச் செய்பவர்களும் இருக்கிறார்கள், அவற்றில் சில நன்றாகவே நிற்கின்றன. ஆனாலும் இன்னொருவர் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்த மடிப்பை எடுத்துக்கொள்வது எனக்கு உறுத்தும். மோல்டு வெட்டுகிறவன் என்பதால் அந்த உழைப்பு என்னவென்று தெரியும். என் வீட்டில் நகல் வைப்பதில்லை.

சொந்தமாகப் புதிதாக வடிவமைக்கும் மூன்றாம் தரப்பு நிறுவனங்களை இதோடு சேர்க்க மாட்டேன். பாத்திரத்துக்கு உரிமம் இல்லை என்பது வேறு சண்டை. மடிப்பு அவர்களுடையது.

புதுசு_புதுசு:

நன்றி அண்ணா, நகல் வேண்டாம். ஸ்டுடியோ சீரிஸில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்? இறுக்கமாக இருந்தால் எண்ணெய் விடலாமா?

கோவை_டூல்ரூம்:

முதலில் மாற்றாதீர்கள். இரண்டு கையும் சரியான கைதானா, ஒரே பக்கத்துப் பாகம் இரண்டு பக்கமும் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்சாலையில் நடக்கிற தப்புதான் அது. பின்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா பாருங்கள்.

பெயின்ட் அடித்த மூட்டு முதல்முறை ஒட்டிக்கொண்டிருக்கும். முறுக்கி உடைக்காமல், ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுங்கள். ஒரு இடத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள், பிளாஸ்டிக் வலிக்கிறது என்று சொல்கிறது. எண்ணெய் வேண்டுமென்றால் சிலிகோன் எண்ணெய் மட்டும், ஒரு சொட்டு. தையல் மிஷின் எண்ணெய், துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி பெட்ரோலியம் சார்ந்தவை வேண்டவே வேண்டாம், இறுக்கத்தில் இருக்கும் ஒளிபுகும் பாகம் அதனால் விரிசல் விடக்கூடும்.

பால் ஜாயின்ட் தளர்ந்திருந்தால் பந்தைக் கழற்றி, மேலே சூப்பர் குளூ மெல்லிய படலமாகத் தடவி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் அது அப்படியே ஒட்டிவிடும். நெல்லை வெயிலுக்கு ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள், வெள்ளை நிறம் மஞ்சளாகிவிடும். மென்மையான பிவிசி டயரோ கொம்போ உள்ள பொம்மையை மற்றதோடு உரசும்படி அடுக்காதீர்கள். அதிலிருந்து கசியும் பொருள் பக்கத்து ஏபிஎஸ்ஸை மெல்ல மெல்ல உருக்கும்.

எந்தப் பொம்மை என்று சொல்லுங்கள். என்னிடம் இருந்தால் உள்பக்கப் படம் எடுத்துப் போடுகிறேன்.